கட் சொன்ன பிறகு

ஹலோ... ஹலோ, மாப்ள?...

யாரு?... யாருங்க பேசறது?...

ஐயோ!

யோவ்! யோவ் மாப்ள, நீதானா? கொஞ்சம் விட்டா போனைக் கீழ போட்டிருப்பேன்யா. போன வாரம் போய்ச் சேர்ந்த மனுஷன் குரல்ல ஹலோ சொல்றியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? இங்க பாரு, கையில மயிரெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது...

சிரிப்பு வரலைய்யா. சத்தியமா வரலை. வேற நாளா இருந்தா நானே விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். இப்ப குண்டூசி சார் குரலைக் கேட்டா அவர் போட்டோவுக்குப் போட்ட மாலைதான் கண்ணுல நிக்குது. விடு. நீ எங்க இருக்க?...

வீட்டுலயா? இன்னும் வீட்டுலயா? யோவ், டைரக்டர் காலையிலேயே டப்பிங் தியேட்டருக்கு வந்து, என் சவுண்ட் கன்சோலுக்குப் பின்னால சோபாவுல உக்காந்தாச்சு. காபி கொண்டாந்து வெச்சேன். அதைக் குடிக்காம என்னையே பார்த்துக்கிட்டு இருக்காரு. நீ என்னடான்னா ஆற அமர...

ஆமா... ஆமா, தெரியும். நேத்து பாதியில எழுந்து போனதுக்கே வயித்து வலின்னு ஒரு கதை விட்டேன். இன்னிக்கு என்ன வலின்னு சொல்றது? ஒரு நிமிஷம், லைன்லயே இரு. — சார், கிளம்பிட்டாராம் சார்! பாதி வழி வந்தாச்சாம்... ஆமா சார், டிராஃபிக்தான்...

கேட்டியா? உனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேஞ்சு போச்சு. தங்கச்சியைக் கட்டிக் குடுத்தப்ப இதெல்லாம் சேர்த்துத்தான் கட்டிக் குடுக்கறோம்னு யாரும் சொல்லலை...

இல்ல மாப்ள, விளையாட்டு போதும். முதல்ல அவர் குரலை விடு. உன் குரல்ல பேசு...

ஏன் முடியாது?...

சரி, எப்படி வேணா பேசித் தொலை. விஷயத்துக்கு வா. குண்டூசி சார் எவ்வளவு பெரிய காமெடியன், அவர் நடிச்ச கடைசிப் படம். நடிச்சுக் குடுத்துட்டாரு, பாதி டப்பிங்கும் பேசிட்டாரு, மீதியை அப்படியே போட்டுட்டுப் போயிட்டாரு. அவர் குரல்ல அந்த மீதியைப் பேசி முடிக்க ஊர் உலகத்துல இருக்கிற ஒரே தொண்டை உன்னுது. மேடை மேடையா அவர் குரலைப் பேசிச் சம்பாதிச்ச பேரு இதுக்காவது உதவட்டுமேய்யா. அவருக்கு நாம செய்யற மரியாதை இல்லையா இது?...

ம்...

ம், தொண்டை கட்டிக்கிச்சா?... இல்லையா. தங்கச்சிகூட ஏதாவது... அவ வேலைக்குப் போயிட்டாளா? என் மருமக?... ஸ்கூலுக்கு. அப்ப வீட்டுல நீ மட்டும்தான். பயமா இருக்கா? செத்தவர் குரல்ல பேசினா அவர் வந்து பக்கத்துல நிப்பாருன்னு யாராவது சொன்னாங்களா? வந்தா வரட்டுமே. உன்னைப் பார்த்துக் கையைத் தட்டிட்டுத்தான் போவாரு...

என்னது?...

ஓ. அந்தக் கூட்டமா.

ஆமா, நானும்தான் இருந்தேன். மூணாவது வரிசை. இரங்கல் கூட்டம்னு கூட்டிட்டு, யாரோ ஒருத்தர் உன் கையில மைக்கைத் திணிச்சு, குண்டூசி சார் மாதிரி ரெண்டு வார்த்தை பேசுங்கன்னாங்க. நீயும் பேசின. நல்லாத்தானேய்யா பேசின? அழுதுக்கிட்டு இருந்த ஜனம் சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே அழுதுது. நான் கை வலிக்கத் தட்டினேன்...

யாரு?... அவங்க சம்சாரமா? முன் வரிசையில உக்காந்திருந்தாங்க, பார்த்தேன்... எழுந்து நின்னாங்களா? நான் கவனிக்கலையே...

மேடையைப் பார்க்காம... வாசலையா பார்த்தாங்க?...

ஐயோ.

ஐயோ மாப்ள. உன் குரலைக் கேட்டு, வந்துட்டாருன்னு...

ம்... ம்... அப்படியே நின்னுக்கிட்டே இருந்தாங்களா. நீ பேசி முடிக்கிற வரைக்குமா...

சரி. சரிய்யா. அது யாருக்கா இருந்தாலும் உள்ள கிடந்து அறுக்கும். ஆனா நீ வேணும்னா செஞ்ச? மைக்கைக் குடுத்தவனைச் சொல்லணும். எல்லாருக்கும் துக்கம்தான் மாப்ள. எனக்கு இல்லையா? செய்தி வந்தப்ப நான் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன். பாதி முகத்தோட அப்படியே அவர் வீட்டுக்கு ஓடினேன். கேட்டுல நின்ன காவலாளி என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சுட்டான். சிரிச்சுட்டு என் தோள்ல சாஞ்சு அழுதான். அவரு இருந்திருந்தா அதை வெச்சே ஒரு காமெடி பண்ணியிருப்பாரு.

ஆனா ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காத. அவருக்கு என்னய்யா குறைச்சல்? வீடு, வாசல், பேரு, புகழு... தெருவுல போற குழந்தைகூட அவரை மாதிரி நடந்து காட்டுது. அப்படிப்பட்ட மனுஷன் தன்னைத்தானே முடிச்சுக்கிட்டாருன்னா, என்ன கேடு வந்துச்சு அவருக்கு? கோழைத்தனம் இல்லையா இது?...

யோவ், கத்தாத. எதுக்குக் கத்தற?...

சரி... சரி, அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன். சொல்லு. கேக்கறேன்...

ம்... குறைச்சலா இருந்தா அதைத் தேடிக் கொண்டாந்து வெச்சுடலாம், ம்... அது குறைச்சல் இல்லைன்னா, பின்ன என்ன? துக்கமா?... துக்கமும் இல்லையா?...

இரு இரு. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? அவரு உன்கிட்ட உக்காந்து மனசு விட்டுப் பேசினாரா?... பேசலை. பின்ன?...

டேப்பா? எந்த டேப்பு?... நான் குடுத்ததா?

ஆமா, குடுத்தேன். ஷூட்டிங்ல பதிவான சத்தம் மொத்தத்தையும் ஒரு இடம் வெட்டாம குடுத்தேன். வசனத்தை மட்டும் கேட்டா உனக்குக் குரல்தான் வரும், மூச்சு வராது. எங்க எச்சில் முழுங்கறாரு, எங்க மூச்சை இழுக்கறாருன்னு பிடிபடட்டும்னுதான் குடுத்தேன். அதுக்குத்தானே ரெண்டாவது தியேட்டர் சாவியையும் குடுத்தேன், தனியா உக்காந்து கேளுன்னு...

கட் சொன்ன பிறகா?

அதையா கேட்ட? யோவ், அது குப்பைய்யா. டைரக்டர் கட் சொல்லிடுவாரு, மைக் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். நாங்க வெட்டித் தூரப் போடற சங்கதி. நாற்காலி இழுக்கறது, எவனாவது இருமறது... அதையெல்லாம் எதுக்குக் கேட்ட?... எத்தனை டேக்குக்கு?...

எல்லாத்துக்குமா.

அவர் அதுல ஒண்ணும் பேசியிருக்க மாட்டாரே... ம். பேசலை. அப்புறம் என்ன கேட்ட?...

ம்... பின்னால எல்லாரும் சிரிக்கிறாங்க. அது சரி, சிரிக்கத்தான் செய்வாங்க, அவ்வளவு நல்ல டேக்கு... அவரு?... ம்... மூச்சே இல்லையா? மைக் அவர் சட்டைக்குள்ளதானே இருக்கும், மூச்சு விழாம இருக்காதே...

ம்...

ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு. விடணும்னு ஞாபகம் வந்து விட்ட மாதிரி. ம்... அடுத்த டேக்குன்னு குரல் வந்ததும்... எங்கேருந்தோ ஏறி மேல வர்றாரா? மேல வந்து, சிரிக்க வெச்சுட்டு, மறுபடியும் இறங்கிப் போயிடறாரு.

மாப்ள, இரு. இருபது வருஷமா அவர் குரலைப் பதிவு பண்ணினவன் நான். இந்த ஹெட்போனுக்குள்ளதான் அவர் குடியிருந்தாரு. நான் ஒரு தடவைகூட அந்த மிச்சத்தைக் கேட்டதில்லை. கட்னு சொன்னா என் கை தானா பட்டனுக்குப் போயிடும். நீ எப்படிய்யா அதைக் கேட்டதும் கண்டுபிடிச்ச?...

சொல்லு...

புரியலை. இன்னொரு தடவை சொல்லு...

அது எப்படி உன் மூச்சாகும்?...

மாப்ள?...

இல்ல, லைன்ல இருக்கேன். இருக்கேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நிமிஷம். — சார், ப்ளீஸ், அஞ்சு நிமிஷம்... இல்ல சார், வண்டி பஞ்சராம். — ம், சொல்லு மாப்ள. எப்பலேர்ந்து?...

என் மருமக பொறக்கறதுக்கு முன்னாலயேவா?...

போன மாசம் அவ பிறந்தநாளுக்கு நீ பண்ணின அமர்க்களத்துக்கு எனக்கு வயிறு புண்ணாச்சேய்யா. நீயா... அன்னிக்குமா?...

ம். ஆமா.

அவரும்தான் சிரிக்க வெச்சாரு.

தங்கச்சி சொன்னா. காலையில எழுந்திருக்கறதே இல்லை, கூப்பிட்டா பதில் இல்லை, வர வர சோம்பேறி ஆயிட்டாருண்ணான்னு சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கலைஞன்னா அப்படித்தான் இருப்பான், ரெண்டு வாளித் தண்ணியை மேல ஊத்துன்னேன்...

ம்... பல் தேய்க்கிறதா?... பிரஷ்ஷைக் கையில பிடிச்சுக்கிட்டு... அதைத் தூக்கறதே மலையைத் தூக்கற மாதிரியா... அவ கதவைத் தட்டற வரைக்கும் அப்படியே நிப்பியா?...

அழுதுருக்கலாமேய்யா. என்கிட்ட வந்து ஓன்னு அழுதிருந்தா... அழுகை வராதா? கல்லு மாதிரியா... கல்லுகூட இல்லையா... ஒண்ணுமே இல்லையா.

இங்க பாரு மாப்ள, நாலு இடம் போ, நாலு பேரைப் பாரு, மனசை லேசா... சரி. சரி, சொல்லலை. நிறுத்திட்டேன். எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியலைய்யா, அதான். நீயே சொல்லிக் குடு. நான் என்ன சொல்லணும்?...

ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்டா போதும். சரி. கேக்கறேன்.

ம்...

ம்...

எந்தக் கதை?... ஓ, தூங்கறப்ப குட்டிக்கு நீ சொல்றதா. யானைக்குச் செருப்பு வாங்கப் போன கதை. எனக்கே ஒரு தடவை போன்ல சொன்னாளே... ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கியா? நல்லதாப் போச்சு. வெளியூர் நிகழ்ச்சிக்குப் போறப்ப அவளுக்குப் போட்டுக் காட்டலாம்... எத்தனை கதை?...

அவ்வளவா? எதுக்குய்யா அவ்வளவு?... பெரியவளானா கேக்கற மாதிரியும் தனியாவா?... பெரியவளானா நீயே பக்கத்துல உக்காந்து...

மாப்ள.

என் டிராயர்லயா? எந்த டிராயர்?... இங்கயா, கன்சோல் டிராயர்லயா?... இரு, பார்க்கறேன்...

ஆமா. இருக்கு. ஒரு பென் டிரைவ், மேல அவ பேரு எழுதி ஒட்டியிருக்கு. இது நேத்து ராத்திரி நான் பூட்டிட்டுப் போறப்ப இல்லையே... உன்கிட்ட குடுத்த சாவிக் கொத்துல இந்த ரூம் சாவியும் இருந்துச்சே...

நீ வீட்டை விட்டே கிளம்பலைன்னல்ல?

பேசாத. ஒரு நிமிஷம் பேசாத. திட்டறதுக்கு இல்ல. சும்மா, வாயை மூடிக்கிட்டு இரு...

...

இன்னும் கொஞ்சம்...

...

அந்த ஏசி. கடகடன்னு ஓடி, ஒரு டிக், அப்புறம் மறுபடியும் கடகட. அந்த டிக்கை எத்தனை படத்துலேர்ந்து ஒவ்வொண்ணா வழிச்செடுத்திருக்கேன். கனவுல வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியும்யா அது.

நீ வீட்டுல இல்ல மாப்ள. ரெண்டாவது தியேட்டர்ல இருக்க. நான் உக்காந்திருக்கிற இடத்துலேர்ந்து நாலு கதவு தள்ளி.

வெக்காத! போனை வெக்காத. சத்தம் போடலை. சத்தியமாச் சத்தம் போடலை. உக்காந்த இடத்துலயே உக்காரு. உன்னை ஒண்ணு கேக்கணும். நேராக் கேக்கறேன், ஏன்னா சுத்தி வளைச்சுக் கேக்க எனக்குத் தெரியாது. நீயும் நேரா சொல்லு.

மாப்ள, சாகணும்னு நினைக்கிறியா?...

...

ம்...

இன்னிக்கா?...

சரி. சரிய்யா. சொல்லிட்டல்ல. நீ சொன்னது நல்லது. திட்ட மாட்டேன். குட்டியை நினைச்சுப் பாருன்னு ஆரம்பிக்க மாட்டேன். நீ நினைக்காமயா அத்தனை கதை சொல்லி வெச்சிருக்க? இரு, பேசிக்கிட்டே எழுந்திருக்கறேன். — சார். என்னை ஒண்ணும் கேக்காதீங்க சார். அந்த மேஜை போன்ல என் தங்கச்சியைக் கூப்பிடுங்க, நம்பர் சுவத்துல ஒட்டியிருக்கு. அவ ஆபீஸ் அடுத்த தெருதான், உடனே இங்க வரச் சொல்லுங்க. ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்க... ஆமா சார், மாப்பிள்ளைக்குத்தான்... டப்பிங்கா? டப்பிங் எக்கேடு கெட்டா என்ன சார்! ஆள் உயிரோட வேணும் எனக்கு!

ஆமா மாப்ள, கேட்டுருக்கும். ஒளிச்சு வெக்கலை. ஆம்புலன்ஸ்னுதான் சொன்னேன். கோவம்னா அப்புறம் வந்து என் சட்டையைப் பிடி. அதுக்கும் நீ இருக்கணும்ல...

நடந்து வர்றேன். காரிடார்ல இருக்கேன். செருப்புச் சத்தம் கேக்குதா?... கேக்காதுதான், உள்ள அப்படிப் பஞ்சு வெச்சு அடைச்சது நானாச்சே. கதவுக்கு மேல சிவப்பு லைட்டு எரியுது. ரெக்கார்டிங் நடக்குது, யாரும் உள்ள வராதீங்கன்னு. நீ போட்டியா?... நல்ல ஆளுய்யா நீ. அதைப் பார்த்தா இந்தக் கட்டடத்துல ஒரு பய கதவைத் தட்ட மாட்டானே.

வெளிக் கதவைத் திறந்துட்டேன். கன்சோல் ரூமுக்குள்ள வந்துட்டேன். இருட்டா இருக்கு... ஆங். தெரியுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்க. கழுத்துல ஹெட்போன். கையாட்டறேன் பாரு... பார்த்துட்டியா?

நீ இருக்கிற வாய்ஸ் ரூம் கதவு... உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்க. சரி, இடிக்கலை. கதவை விட்டுத் தள்ளி நிக்கறேன், பாரு. இங்கேருந்து மைக்ல பேசலாம்னா கன்சோலைத்தான் ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிட்டானுங்களே. ரெட்டைக் கண்ணாடி. நான் கத்தினாலும் உனக்குக் கேக்காது, நீ கத்தினாலும் எனக்குக் கேக்காது. இந்தப் போன் ஒண்ணுதான் இருக்கு நமக்கு. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். நீயும் போட்டிருக்கியா?... நல்லது. கிட்ட வா. கண்ணாடிகிட்ட.

சட்டைப் பையில கையை வெச்சிருக்கியே. என்ன அது?...

மாத்திரையா. சாப்ட்டியா?... மாப்ள, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. ஒண்ணாவது சாப்ட்டியா?...

சத்தியமா?...

சரி. நம்பறேன். வெளிய எடு. எடுத்து அந்தத் திட்டு மேல வை, கண்ணாடி ஓரமா, எனக்குத் தெரியற மாதிரி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இப்பவே செய்யச் சொல்லலை...

ம்... மெதுவா...

வெச்சுட்ட. அப்பாடா. இரு, நானும் கண்ணாடிகிட்ட வந்துடறேன்.

இப்ப ஒண்ணு கேக்கட்டுமா? இவ்வளவு நேரமும் அவர் குரல்லயே பேசிக்கிட்டு இருக்க. கண்ணாடியில உன் முகம் தெரியுது, போன்ல செத்தவர் பேசறாரு. பார்க்கச் சகிக்கலை மாப்ள. அவர் உனக்குள்ள உக்காந்து உன் வாயை அசைக்கிற மாதிரி இருக்கு...

ம்... அவர் குரல்லன்னா இதையெல்லாம் சொல்ல முடியுது. உன் குரல்லன்னா?... திக்கும். தெரியும்யா. எனக்குத் தெரியாதா? மேடையில மூச்சு விடாம பேசற மனுஷன், வீட்டுக்கு வந்து தண்ணி கேக்க அவ்வளவு நேரம் எடுத்துக்குவ. தங்கச்சிக்கு உன்னைப் பிடிச்சதே அதுக்குத்தான். மத்தவன்லாம் கொட்டித் தீர்க்கறான்ணா, இவரு ஒவ்வொரு வார்த்தையையும் யோசிச்சு எடுத்துத் தர்றாருன்னு சொன்னா...

சிரிச்சியா? இல்ல... சரி, விடு. சிரிக்க வேண்டாம். எனக்காகச் சிரிக்க வேண்டாம். இனிமே யாருக்காகவும் சும்மா சிரிக்காத.

உன் குரல்ல சொல்லு மாப்ள. அதையே சொல்லு. திக்கினா திக்கட்டும். நான் எங்கயும் போகலை...

...

ம்...

...

இருக்கேன். அவசரமே இல்ல. பாதியில நான் எடுத்துக் குடுக்க மாட்டேன், நீயே சொல்லி முடி...

...

ம்... ப... ம்...

...

பயமா இருக்கு.

எனக்கும்தான்யா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. சாகறதுக்கா பயம்?... ம்... இருக்கறதுக்கும். ரெண்டுக்கும். ம். சரி. ரெண்டையும் இப்பவே தீர்த்து வெக்க எனக்குத் தெரியாது. டாக்டரைப் பார்ப்போம். அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. காய்ச்சல்னா போறோம்ல, அது மாதிரி இதுக்கும் போவோம், நான் வர்றேன் கூட. நாளைக்கே சரியாயிடும்னு சொல்லலை. பொய் சொல்லிச் சொல்லி இன்னிக்குக் கோட்டா முடிஞ்சு போச்சு. ஆனா நாளைக்கும் வருவேன். பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு நீ நின்னா நானும் பக்கத்துல நிப்பேன். தண்ணி ஊத்த மாட்டேன்...

டப்பிங்கா? பேச வேண்டாம். இனி அவர் குரலை நீ பேசவே வேண்டாம்யா. அந்தப் பாதிப் படம் ஊமையா ஓடட்டும். ஜனங்க உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கட்டும். இல்ல ஓடாமலே போகட்டும். டைரக்டர்தான் அழுவாரு. அழட்டும்...

குண்டூசி சாரா?... அவரை யாரும் கேக்கலைய்யா. ஆமா. கட் சொன்ன பிறகு எல்லாரும் சிரிச்சாங்க, லைட்டை அணைச்சாங்க, சாப்பிடப் போனாங்க. அவர் பக்கத்துல போய் யாரும் இப்படி ஒரு கேள்வி கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ, மாட்டாரோ. எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் முடியாது. அது என்னோட எப்பவும் இருக்கும்...

ம்... உன்னோடயும்.

மாப்ள, வெளிய தங்கச்சி குரல் மாதிரி கேக்குது. ஓடி வர்றா. அவகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கறேன். நீ அந்தத் தாழ்ப்பாளை மட்டும் எடு...

வெக்க வேண்டாம், போன் கையிலயே இருக்கட்டும். கதவைத் திறக்க ஒரு கை போதும்...

முடியலையா? கை வரலையா?... சரி. நின்ன இடத்துலயே நில்லு. பிரஷ் மாதிரி இதுவும் மலைதான், தெரியும். என்னைப் பாரு. கதவைப் பார்க்காத, என்னையே பாரு. நான் இங்கேருந்து கதவுகிட்ட நடக்கறேன். நீயும் அந்தப் பக்கம் நட. சும்மா நட, திறக்க வேண்டாம்... ஆங்... ம்... நான் வந்துட்டேன். இப்ப உன்னைத் தெரியலை, நடுவுல மரக் கதவு இருக்கு. நீ வந்துட்டியா?...

வந்துட்ட. மூச்சு கேக்குது. உன் மூச்சுதான்.

...

ஆங்... இழு... அது கொஞ்சம் துருப் பிடிச்சது, மேல தூக்கி இழுக்கணும்...

...

வா. வா மாப்ள. விழாத, பிடிச்சுட்டேன். பிடிச்சுட்டேன்யா. ஐயோ, எவ்வளவு மெலிஞ்சு போயிட்ட, சட்டைக்குள்ள ஆளே இல்லையே...

காதைப் பொத்தாத. அது ஒண்ணும் இல்ல. ரெண்டு போனும் பக்கத்துல பக்கத்துல வந்துடுச்சு, அதான் கீச்சுன்னு கத்துது. அணைக்கணும்னா ஒரு கையை உன் மேலேர்ந்து எடுக்கணும்.

எடுக்க மாட்டேன். கத்தட்டும்.